வெள்ளைப் பூவுக்கு மண்டபம், சிவப்புக்குக் கோவளம்

எழுபதுகளின் பிற்பாதியில் ஒரு தை மாதம். வளைகுடாத் துறைமுகம் ஒன்றில் வேலை பார்த்துவந்த என் மருமகன் விடுப்பில் வந்திருந்தார். திருத்தணியில் எங்கள் வீட்டுக் கூடத்தில் அமர்ந்து, கடலுக்கடியில் போய்ப் பார்ப்பதற்கு எந்த ஊர் நல்லது என்று என்னிடம் கருத்துக் கேட்டார்.

கப்பலின் அடிப்புறத்தை நீருக்குள்ளிருந்து நோக்கிப் பழுது கண்டு சொல்வது அவர் தொழில். முதுகில் காற்று அடைத்த உருளையைக் கட்டிக்கொண்டு, அதன் குழாயை வாயில் கவ்விக்கொண்டு இறங்க வேண்டுமாம். பெண் கேட்டு வந்தபோதே இத்தொழிலை நான் முழுமையாக நம்பினேன் அல்லேன். அவர் பிறந்த ஊர் கனகம்மாசத்திரம். திருப்பதிச் சாலையில் அவருடைய தந்தையார் கடை வைத்திருந்தார். ஏரிநீரும் கோடையில் வற்றிப்போகும் ஊரிலிருந்து ஒருவர் கடலடி வேலைக்குப் போனார் என்பதே எனக்கு நெருடலாக இருந்தது. இப்போது அதைவிடப் பெரிய நெருடல். ஆண்டு முழுதும் நீருக்குள் உழைக்கின்ற மனிதர், விடுப்பில் வந்த இடத்திலும் நீரையே தேடுவானேன்? விடுப்பில் வந்த கொத்தனார் எவரும் பொழுதுபோக்காகச் சுவர் எழுப்பி நான் கண்டதில்லை.

தாம் போவது மட்டுமன்று, என் மகளையும் உடன் அழைத்துச்சென்று நீருக்குள் இறக்கப்போவதாகச் சொன்னார்.

அக்காலத்தில் நாளிதழை விரித்தால் கடத்தல் செய்தி கண்ணில் படாத நாள் குறைவு. இலங்கையை நோக்கிய கரையெங்கும் தங்கக் கட்டியும் கைக்கடிகாரமும் வந்திறங்குவதாகப் பேருந்திலும் பேச்சு, பள்ளியில் ஆசிரியர் அறையிலும் பேச்சு. மனைவியோடு வருபவனைச் சுங்கத்துறையினர் அதிகம் துருவுவதில்லை என்பதையும் அங்கேதான் கேட்டேன். எனக்கு ஒரே மகள். மணமாகி ஓராண்டும் நிறையவில்லை. அப்படியொரு மறைப்புத் திரையாக அவள் அழைத்துச்செல்லப்படுகிறாளோ என்பதே என் ஐயம். மருமகனை நேருக்கு நேர் கேட்டுவிடும் வழக்கமும் எங்கள் பக்கத்தில் இல்லை. பெண்ணைக் கொடுத்தவன் கேட்கும் கேள்விக்கு விடையைப் பெண்தான் பிறகு அனுபவிக்க வேண்டும். ஆகவே கேட்காமல் கவனிப்பது என்று முடிவு செய்தேன்.

"மூணு எடம் கீது மாமா," என்றார் மருமகன். "அந்தமான் ஒண்ணு. தண்ணி பிரமாதமா இருக்கும். ஆனா கப்பல்லயே லீவு பூடும். இன்னொண்ணு, மெட்ராஸ் தாண்டி கோவளம். காலைல பஸ் ஏறினா ராவுக்கு வூட்டுக்கு வந்துரலாம். ஹார்பர்ல தெரிஞ்சவர் ஒருத்தர் காத்து சிலிண்டர் குடுக்கறேன்னாரு. ஆனா தண்ணி கலங்கல். கைய நீட்னா கை தெரியாது. மூணாவது, ராமேஸ்வரம் போற வழில மண்டபம். அங்க தீவுங்க பக்கத்துல தண்ணி கண்ணாடி மாரி நிக்கும். பவளப்பாறை, மீனு, எல்லாம் தெரியும். கடல் ஆராய்ச்சி பண்ற சிநேகிதர் ஒருத்தர் அங்க கீறாரு."

மூன்றாவது ஊரின் பெயர் கேட்டதும் என் ஐயத்திற்கு முகவரி கிடைத்தது போலாயிற்று. மண்டபத்திற்கு எதிரே இருப்பது இலங்கை.

"மூழ்குவதுதானே நோக்கம்? எந்த நீரும் நீர்தான். கோவளமே போதும்," என்றேன்.

அவர் தலையைச் சொறிந்துகொண்டு சமையலறைப் பக்கம் ஒரு பார்வை பார்த்தார். "ஆங், அதுவும் சரிதாங்க மாமா. கோவளமே போலாம்," என்றார்.

அக்கணமே சமையலறையில் ஒரு தூக்குச்சட்டி தரையில் விழுந்து உருண்டது. "கை வழுக்கிச்சிப்பா," என்றாள் மகள்.

அவ்வளவு எளிதில் அவர் இணங்கியதை நான் நம்பவில்லை. எண்ணியது சரியாகவே இருந்தது. மறுநாள் காலைத் தேநீரின்போது, "இல்ல மாமா, மண்டபமே போலாம்னு பாக்கறோம்," என்று தொடங்கினார். இரவுக்குள் இம்மனிதரின் மனத்தை மாற்றியது எது, அல்லது யார்?

நாளையும் அவரே குறித்திருந்தார். மாசி மாதத்து அட்டமி. கேட்டதும் என் மனைவி பதறிப்போனாள்.

"அட்டமி நவமில யாராச்சும் நல்ல காரியத்துக்குக் கெளம்புவாங்களா?"

"அமாவாசை, பௌர்ணமில கடல் இழுக்கும் அத்தை. பாதி நெலா இருக்கச் சொல்லோதான் தண்ணி சும்மா நிக்கும், கலங்காது."

"அதுக்கு? எமகண்டத்துல எறங்கு, ராகுகாலத்துல ஏறுன்னு சொல்லுவீங்க போல."

விளக்கம் கேட்பதற்குப் பொருத்தமாகத்தான் இருந்தது. ஆனால் கடல் அசையாமல் கிடக்கும் நாள், சுமையேற்றிய கள்ளப் படகிற்கும் உகந்த நாள் அல்லவா? அட்டமியன்று வழியில் பயணிகள் குறைவு என்பதையும் நான் எண்ணிப்பார்த்தேன்.

அதன்பின் அடுக்கடுக்காக வந்தன ஐயத்திற்குரிய காட்சிகள். ஒரு நண்பகலில் நாங்கள் உண்டுகொண்டிருந்தோம். மருமகன் சுட்டுவிரலையும் கட்டைவிரலையும் வளையமாகச் சேர்த்து என் மகளுக்குக் காட்டினார். சோறு பரிமாறிக்கொண்டிருந்த அவளும் இடக்கையால் அதே வளையத்தைக் காட்டினாள். இருவரும் நான் காணவில்லை என்று நினைத்தனர். மற்றொரு நாள் அவர் உள்ளங்கையைத் தட்டையாக விரித்துத் தம் கழுத்தின் குறுக்கே அறுப்பது போல இழுத்தார். அவளோ சற்றும் அஞ்சாமல் தன் வாயைத் தொட்டு, எதையோ எடுத்து அவருக்கு நீட்டுவது போலக் கைகாட்டினாள்.

மனைவியிடம் தனியே சொன்னேன்.

"கல்யாணமான புதுசு. ஆயிரம் ஜாடை காட்டிக்குவாங்க. ஒங்களுக்கு இன்னா வந்துச்சி?"

"கழுத்தை அறுப்பது போல் காட்டுவதும் கொஞ்சலா?"

"நீங்க எனக்கு அதுகூடக் காட்னதில்லையே," என்று அவள் முறத்தைத் தட்டிவிட்டுப் போனாள்.

பின்னொரு புதன்கிழமை மகள் ஈரத் தலையோடு வெளியிலிருந்து வந்தாள். பெண்கள் தலை முழுகுவது செவ்வாயிலும் வெள்ளியிலும். புதன்கிழமையன்று, அதுவும் வீட்டுக்கு வெளியே, எங்கே முழுகினாள்? கேட்டதற்கு, "சும்மாதாம்பா," என்றாள். சும்மா என்னும் சொல்லுக்கு உள்ள பொருள்கள் அனைத்தையும் நான் அறிவேன். அவற்றுள் எதுவும் அங்குப் பொருந்தவில்லை.

மறுநாள் இருவரும் பக்கத்து ஊரான கே.ஜி.கண்டிகைக்குப் பேருந்து ஏறியதைக் கண்டு, நான் மிதிவண்டியில் அங்கே போனேன். தேநீர்க் கடைக்காரர் என்னைப் பள்ளி ஆசிரியராக அறிந்தவர். நான் வாய் திறக்குமுன் அவரே தொடங்கினார்.

"இன்னா வாத்தியாரே, உங்க மாப்ள கெணத்துல இன்னாமோ தேடிகினு கீறாரே? பொதையல் கிதையல் கெடச்சா எங்களுக்கும் ஒரு பங்கு சொல்லுங்க."

"எந்தக் கிணற்றில்?"

"பின்னால நெலத்துக் கெணத்துலதான். கண்ணுக்குக் கண்ணாடி கட்டிகினு குதிக்கறாரு. பாப்பாவும் கூடவே எறங்குது. மேல வர்றதுக்குள்ள எனக்கு மூச்சி நின்னுபோவுது. ஒரு டீ போடவா?"

நான் கிணற்றடிக்குச் சென்றபோது அவர்கள் போய்விட்டிருந்தனர். சுற்றுக்கட்டில் ஈரப் பாதங்களின் தடம் இருந்தது. பெரிய பாதமும் சிறிய பாதமும். உள்ளே எட்டிப் பார்த்தேன். கரிய நீர், அடி தெரியவில்லை. கடத்தி வந்த பொருளை ஒளித்துவைக்க இதைவிடப் பாதுகாப்பான பேழை வேறில்லை என்று தோன்றியது. அதை எடுக்கவும் வைக்கவும் மூழ்கத் தெரிந்தவர் வேண்டும். என் மகளோ மணவூரில் தாய்மாமன் வீட்டுக் கிணற்றில் சிறுவயது முதல் நீந்திப் பழகியவள். விடுமுறைதோறும் அவளை அங்கு அனுப்பிவைத்ததை அன்று முதன்முதலாக எண்ணி வருந்தினேன்.

அட்டமிக்குச் சில நாள்களே இருந்தபோது, கோவளமா மண்டபமா என்னும் பேச்சு வீட்டில் முற்றிவிட்டது. என் மனைவி ஒரு முடிவு சொன்னாள்.

"நீங்களும் வேணாம், மாப்ளயும் வேணாம். மலைக்குப் போயி பூக்கட்டிப் பாத்துடலாம். முருகன் எந்த ஊரு சொல்றாரோ அந்த ஊரு."

இரு நிறப் பூக்களை வெவ்வேறு இலையில் பொதிந்து கட்டி, இறைவன் திருமுன் வைத்து, எதில் எது உள்ளது என்று அறியாத ஒருவரை ஒன்றை எடுக்கச் சொல்வது எங்கள் பக்கத்து வழக்கம். பெண் பார்ப்பதற்கும் நிலம் வாங்குவதற்கும் கேட்பார்கள். கடலில் மூழ்க ஊர் கேட்டு எவரும் அதுவரை மலையேறியிருக்க மாட்டார்கள். இம்முறையில் எனக்குப் பெரிய பற்று இல்லை. எனினும் ஒரு நன்மை கண்டேன். இதில் மருமகனின் கை படாமல் பார்த்துக்கொள்ள முடியும்.

நானே விதிகளை வகுத்தேன். வெள்ளைப் பூ வந்தால் மண்டபம், சிவப்பு வந்தால் கோவளம். மல்லிகை கூடாது, மணம் காட்டிக்கொடுத்துவிடும். வெள்ளை அரளியும் சிவப்பு அரளியும் வாங்க வேண்டும். மருமகன் பூவைத் தொடக் கூடாது. பூக்காரி கட்டக் கூடாது. அவர் முன்னமே அவளிடம் பேசி வைத்திருக்கலாம். என் மனைவி கட்டக் கூடாது; மாப்பிள்ளை மனம் கோணக் கூடாது என்பவள் அவள். நான் கட்டினால் மருமகன் ஐயுறுவார். எஞ்சியவள் மகள். அந்த வீட்டில் ஐயத்திற்கு அப்பாற்பட்டவள் அவள் ஒருத்தியே என்பதில் எனக்கு மாற்றுக் கருத்து இல்லை.

மலையேறினோம். திருச்சுற்றின் மூலையில் தூண் மறைவில் அமர்ந்து மகள் வாழையிலைத் துண்டுகளில் பூவைப் பொதிந்து நாரால் கட்டினாள். நான் மருமகனை என் கண்ணைவிட்டு அகலவிடவில்லை. அவர் கொடிமரத்தை அண்ணாந்து பார்த்துக்கொண்டு நின்றார். அப்பாவி போல நிற்பதற்கும் ஒரு பழக்கம் வேண்டும் என்று நினைத்துக்கொண்டேன். அருச்சகர் இரு பொட்டலங்களையும் திருவடியில் வைத்துத் தட்டில் திருப்பித் தந்தார்.

எடுப்பதற்கு முன்பின் அறியாத ஒருவரைத் தேடினேன். எல்லைக்கு அப்பாலிருந்து வந்த தெலுங்கு அம்மையார் ஒருவர், அப்போதுதான் முடியிறக்கிச் சந்தனம் பூசிய தலையோடு நின்றிருந்தார். தட்டை நீட்டினேன். முருகனை நோக்கிக் கும்பிட்டு ஒன்றை எடுத்து என் கையில் வைத்தார். பிரித்தேன்.

வெள்ளை.

"ஆச்சு, முருகனே சொல்லிட்டாரு, மண்டபம்," என்று மனைவி கன்னத்தில் போட்டுக்கொண்டாள். மருமகனின் முகத்தில் நான் எதிர்பார்த்த வெற்றிக்களிப்பு இல்லை. மகளின் முகத்தில்தான் ஏதோ இருந்தது. அதை நான் ஆராய்வதற்குள் மதிலிலிருந்து ஒரு குரங்கு தாவி இறங்கியது. தட்டில் எஞ்சியிருந்த பொட்டலத்தைப் பறித்துக்கொண்டு கைப்பிடிச் சுவரில் ஏறி, தின்பண்டம் என்று நினைத்து நாரைப் பல்லால் அறுத்து இலையைக் கிழித்தது. உள்ளிருந்த பூக்கள் எங்கள் காலடியில் உதிர்ந்தன.

அவையும் வெள்ளை.

நான் திரும்பி மருமகனைப் பார்த்தேன். அவர் உதிர்ந்த பூக்களைப் பார்த்தார். பிறகு தம் மனைவியைப் பார்த்தார். அந்த வியப்பு நடிப்பன்று என்பதை நானும் ஒப்புக்கொள்ள வேண்டியதாயிற்று.

"நாந்தான் நைனா கட்னேன்," என்றாள் மகள். அப்பா என்றே அழைக்க வேண்டும் என்று நான் பழக்கியிருந்த பெண், அச்சம் வந்தால் மட்டும் தன் தாய் பிறந்த வீட்டு வழக்கத்திற்குப் போய்விடுவாள்; கணவரைப் பாவா என்பதும் அவ்வழக்கமே. இடுப்பில் செருகியிருந்த கசங்கிய சிவப்பு அரளியை எடுத்துத் தாயிடம் கொடுத்தாள்.

"அடிப்பாவி, சாமியையே ஏமாத்திட்டியேடி!"

"ஏமாத்துல. ரெண்டுலயும் ஒரே பூவக் கட்டக் கூடாதுன்னு அப்பா போட்ட சட்டத்துல இல்லியே."

"மாமா, சத்தியமா எனக்குத் தெரியாது," என்றார் மருமகன். "எனக்கு கோவளமே போதும். லீவுல வந்தா ரெண்டு நாளு கால நீட்டிப் படுக்கலாம்னுதான் நான் நெனச்சேன். மண்டபம் மண்டபம்னு உயிர எடுக்கறது இவதான். கெணத்துல பழக்கு, பேசாம கைஜாடைல எப்பிடிப் பேசறது, காத்து தீந்துட்டா கழுத்துல எப்பிடிக் காட்றது, ஒருத்தர் குழாய இன்னொருத்தருக்கு எப்பிடிக் குடுக்கறது, எல்லாத்தையும் சொல்லிக்குடுன்னு தெனம் தொல்ல."

கழுத்தறுப்பும் கிணறும் புதன்கிழமைத் தலைமுழுக்கும் ஒரே மூச்சில் விளங்கிவிட்டன. தூக்குச்சட்டியும்தான். ஆனால் ஒன்று விளங்கவில்லை. "மூழ்க வேண்டும் என்றால் மூழ்கு. அதற்கு மண்டபம்தான் வேண்டும் என்று ஏன் இந்தத் திருட்டுத்தனம்?" என்று கேட்டேன்.

"பாவா வருசம் பூரா தண்ணிக்குள்ள இருக்குதாம். அது சொல்லுது. அங்க மீனு மூஞ்சிகிட்ட வந்து நிக்கும், பாறை பூ மாரி இருக்கும், மூச்சி விட்டா முத்து முத்தா மேல போவும்னு கதகதயா சொல்லுது. நான் நம்புல நைனா. கண்ணால பாத்தாத்தான் நம்புவேன். கோவளத்துல கலங்கல் தண்ணின்னு அதுவே சொல்லுது. அங்க எறங்கினா ஒண்ணும் தெரியாது, கரையேறி வந்து மறுபடியும் அது சொல்றதையே நம்பிகினு ஒக்காரணும். போறது ஒரு தபா. தெரியற எடத்துக்குத்தான் போவணும்."

"இத்தினி நாளா என்ன நம்பவே இல்லியா நீ?" என்றார் மருமகன்.

"நம்பறதுக்குத்தான பாக்கணும்ன்றேன்."

தெலுங்கு அம்மையாருக்கு எங்கள் பேச்சு எவ்வளவு புரிந்ததோ அறியேன். மகளின் கன்னத்தைக் கிள்ளி, "மீ அம்மாயி சாலா கெட்டிதி சாமீ," என்று என்னிடம் சொல்லிச் சிரித்தார். உங்கள் பெண் மிகவும் உறுதியானவள் என்பது அதன் பொருள்.

நான் தடுத்திருக்கலாம். பூக்கட்டு செல்லாது என்று சொல்லவும், சிவப்பை வைத்து மறுபடி கட்டச் சொல்லவும் எனக்கு உரிமை இருந்தது. கடத்தல் பற்றிய ஐயம் அக்கணத்தில் முற்றும் நீங்கிவிட்டது என்றும் சொல்ல மாட்டேன். ஆனால் கண்ணால் காணாததை நம்ப மாட்டேன் என்று ஒருத்தி சொல்லும்போது, எந்த வாயால் நான் அவளை மறுப்பேன்? அக்கொள்கையை வீட்டில் அவள் வேறு எவரிடமிருந்தும் கற்றிருக்க முடியாது. போகலாம், நானும் உடன் வருவேன் என்று மட்டும் சொன்னேன்.

அட்டமியன்று மண்டபத்தில் இருந்தோம். என் மனைவி கரையோடு நின்றுவிட்டாள். கணவரின் முழுக்கால்சட்டையையும் சட்டையையும் அணிந்து மகள் படகேறியதைப் பார்த்து, "ஊரு பாக்காத எடம்னு பாத்து இங்க வந்தீங்களா?" என்று கேட்டதோடு சரி. படகில் நானும் அவர்கள் இருவரும் படகோட்டியும். சிறு தீவு ஒன்றின் அருகே நிறுத்தினோம். கடல் மருமகன் சொன்னவாறே அசைவற்றுக் கிடந்தது. அடியிலிருந்த மணலின் வரிகள் மேலிருந்தே தெரிந்தன.

இறங்குமுன் மருமகன் எனக்கும் இரண்டு குறிகள் கற்பித்தார். கட்டைவிரலை மேலே காட்டினால் மேலே வா. கீழே காட்டினால் கீழே போகிறேன். "வேற எதுவும் வேணாம் மாமா, கொழப்பிக்காதீங்க," என்றார். கடல் ஆராய்ச்சி நண்பர் தந்த உருளைகளைக் கட்டிக்கொண்டு இருவரும் பின்புறமாகச் சாய்ந்து நீரில் விழுந்தனர்.

படகில் அவர்களுடைய பை இருந்தது. நான் அதைத் திறந்து பார்த்தேன். இரண்டு துண்டுகள், வேகவைத்த வேர்க்கடலை, திருத்தணித் திருநீறு. பையின் அடித்துணிக்குக் கீழே விரல்விட்டும் பார்த்தேன். மணல் இருந்தது.

படகோட்டி என்னையே பார்த்துக்கொண்டிருந்தார். "ஐயா, எதையாச்சும் தொலைச்சுப்புட்டீகளா?" என்றார்.

"இல்லை."

நீரின்மேல் இரு கொத்தாகக் குமிழிகள் வந்துகொண்டிருந்தன. ஒவ்வொரு மூச்சுக்கும் ஒரு கொத்து. நான் இரண்டையும் மாறிமாறிப் பார்த்தேன். சற்று நேரத்தில் இரண்டும் நெருங்கின. பிறகு ஒரே கொத்தாயின. மகளின் மூச்சு நின்றுவிட்டதா? கழுத்தின் குறுக்கே இழுபட்ட அந்தக் கை என் கண்முன் வந்தது. எழுந்து நின்றேன். படகு ஒருபக்கம் சாய்ந்தது.

"உக்காருங்கய்யா. ரெண்டு பேரும் பக்கத்துல பக்கத்துல நிக்காக. அதான் ஒண்ணாத் தெரியுது," என்றார் படகோட்டி.

"உமக்கு எப்படித் தெரியும்?"

"நீங்களே குனிஞ்சு பாருங்களேன்."

குனிந்தேன். தெளிந்த நீருக்கடியில் இரண்டு உருவங்கள் ஒரு பாறையின் முன் அசையாமல் நின்றன. ஒன்று கைநீட்டி எதையோ காட்டியது. மற்றது காட்டியதை மட்டும் பார்க்காமல் அதன் பின்புறம் சென்று பார்த்தது. பிறகு அடியில் குனிந்து பார்த்தது. அது யார் என்று எனக்கு எவரும் சொல்ல வேண்டியிருக்கவில்லை.

நேரம் சென்றது. மகளின் தலை படகிலிருந்து சற்றுத் தொலைவில் மேலே வந்தது. முகத்தை மூடிய கண்ணாடிக்குப் பின்னால் விழிகள் பெரிதாகத் தெரிந்தன. வாயில் குழாய் இருந்ததால் பேச முடியவில்லை. பார்த்தது போதும், கரைக்குப் போகலாம் என்னும் கருத்தில் நான் கட்டைவிரலை மேலே உயர்த்திக் காட்டினேன்.

அவள் தலையை ஆட்டி மறுத்தாள். என்னை நோக்கிக் கையை நீட்டிக் கட்டைவிரலைக் கீழே காட்டினாள். நான் உயர்த்திய விரலை இறக்குவதற்குள் நீர் அவள்மேல் மூடிக்கொண்டது.